தனியாகப் பல நாள் நடக்க எந்தப் பாதை? முதலில் இறங்கும் வழியைப் பாருங்கள்

ஒருநாள் மலைநடைகள் பழகிவிட்டன. அடுத்து நான்கிலிருந்து ஆறு நாள் வரை, துணையில்லாமல், கண்ணுக்கு நிறைவான ஒரு பாதையில் நடக்க வேண்டும். எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது கேள்வி. இதற்குப் பெரும்பாலும் பாதைகளின் பெயர்ப் பட்டியல்தான் பதிலாகக் கிடைக்கும். பட்டியலில் உள்ள எல்லாமே அழகானவை என்பதால் அழகை வைத்து ஒன்றைப் பொறுக்குவது கடினம். தனியாகப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு. கால் பிசகினாலோ வானம் கறுத்தாலோ, நிற்கும் இடத்திலிருந்து எத்தனை மணி நேரத்தில் ஒரு சாலையையோ ஆளிருக்கும் இடத்தையோ சேரலாம்? இந்தக் கணக்கில் தேறும் பாதைகளே உலகில் ஏராளம். அழகை அவற்றுக்குள் தேடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வடிகட்டல் இருக்கிறது. ஆசைப்படும் பாதையில் தனியாக நடக்கச் சட்டம் இடம் தருகிறதா? பெருவின் இன்கா பாதையில் 2001 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் நடக்க முடியாது. ஒரு நாளைக்கு 500 பேர்தான் என்ற வரம்பில் சுமைதூக்குவோரும் வழிகாட்டிகளும் அடக்கம், பிப்ரவரியில் பாதையே மூடப்படும். கிளிமஞ்சாரோவிலும் வழிகாட்டி கட்டாயம். நேபாளம் 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் மலைநடை போக வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. பழைய பயணக் குறிப்புகளை மட்டும் படித்துவிட்டுத் திட்டம் போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 2019இல் எழுதிய அனுபவம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் இன்றைய அனுமதி விதியைச் சொல்லாது. அந்தப் பூங்கா அல்லது வனத்துறையின் சொந்த அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.

கூடாரம் அடிக்கும் உரிமையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஸ்வீடனில் இயற்கை வெளியில் ஓரிரு இரவு தங்க மரபுரிமையே உண்டு. ஸ்காட்லாந்திலும் திறந்த மலைவெளியில் தங்கலாம், ஆனால் லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அனுமதிச் சீட்டு வேண்டும். நியூசிலாந்தின் மில்ஃபோர்டு பாதையில் கூடாரத்துக்கே இடமில்லை. முன்பதிவுப் பருவத்தில் மூன்று இரவும் குறித்த குடில்களில்தான் தங்க வேண்டும், ஒரே திசையில்தான் நடக்க வேண்டும், வழிகாட்டிக் குழுவில் சேராமல் தாமாக நடப்பவர்களில் நாளைக்கு 40 பேருக்கே இடம். இப்படிப்பட்ட பாதைகளில் தனி ஆளுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. குழுவாக வருபவர்களுக்கு நான்கு படுக்கை ஒன்றாகக் கிடைக்க வேண்டும், உங்களுக்கு ஒன்று போதும். பதிவு முடிந்துவிட்டது என்று தெரிந்தாலும், வாரத்தின் நடுவில் தொடங்கும் தேதிகளுக்கு ரத்தாகும் இடங்களைத் தினமும் ஒருமுறை பார்த்துவந்தால் ஒற்றைப் படுக்கை அடிக்கடி விழும்.

இனி முக்கியமான வேலைக்கு வருவோம். வரைபடத்தை விரித்து, பாதையை ஒட்டிய ஒவ்வொரு சாலை, ஊர், ஆளிருக்கும் குடில், கீழிறங்கும் கிளைப்பாதை எல்லாவற்றிலும் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு பாதையின் ஒவ்வொரு பகுதியிலும் அருகிலுள்ள புள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். அந்தத் தூரங்களில் மிகப் பெரியது எதுவோ அதுதான் அந்தப் பாதையின் உண்மையான கடினம். முதல் தனிநடைக்கு அது 10, 12 கி.மீ.க்குள் இருக்கட்டும். நொண்டிக்கொண்டு நடந்தாலும் வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிடலாம்.

ஒரு புள்ளியை வைக்கும்போது மூன்றைச் சரிபாருங்கள். அது கீழே இறங்குகிறதா, இன்னொரு கணவாயைத் தாண்டித்தான் போகிறதா? மேலே ஏறித்தான் தப்பிக்க முடியும் என்றால் புயலில் அது வழியே இல்லை. நடுவில் ஆறு குறுக்கிட்டால் பாலம் இருக்கிறதா? கீழே போய்ச் சேரும் இடத்தில் நீங்கள் போகும் மாதத்தில் ஆள் இருப்பார்களா? வரைபடத்தில் கட்டடம் என்று கறுப்புச் சதுரம் இருக்கும், போய்ப் பார்த்தால் பூட்டிய ஆட்டுக்கொட்டகையாக இருக்கும். வெளியேறும் வழி என்று குறித்தவற்றில் பாதி இந்த மூன்று கேள்வியில் அடிபட்டுப் போவது வழக்கம்தான்.

இந்தக் கண்ணோடு சில புகழ்பெற்ற பாதைகளைப் பார்த்தால் அவற்றின் குணம் தெளிவாகத் தெரியும். ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலேண்ட் வே மல்கையிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரை 154 கி.மீ. 1980இல் திறக்கப்பட்டது. கிரையன்லாரிக், டின்ட்ரம், பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி என்று ரயில் நிலையங்கள் பாதைக்குப் பக்கத்திலேயே வருகின்றன. ராணக் மூர் என்ற சதுப்புவெளியை ஒட்டிப் போகும் சுமார் 16 கி.மீ. மட்டும் ஒதுங்க இடமில்லாத திறந்தவெளி. ஆக, கடினமான பகுதி எது, அது எந்த நாளில் வருகிறது என்பது முன்கூட்டியே தெரியும். அந்த ஒரு நாளுக்கு வானிலை பார்த்துக்கொண்டால் போதும்.

பிரான்ஸ், இத்தாலி, ஸ்விட்சர்லாந்து மூன்றையும் தொட்டு மோன் பிளாங்க் மலைத்தொகுதியைச் சுற்றிவரும் பாதை சுமார் 170 கி.மீ. முழுதும் நடக்கப் பத்து, பதினொரு நாள் ஆகும். ஆனால் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை பேருந்து வரும் பள்ளத்தாக்கில் இறங்கும் என்பதால் ஐந்து நாள் துண்டாகவும் நடக்கலாம். இத்தாலியப் பக்கத்து ஊரான கூர்மாயோரில் நிறுத்தினால் சுரங்கப்பாதை வழியாகப் பேருந்தில் பிரான்ஸ் பக்கத்து ஷமோனிக்குத் திரும்பிவிடலாம். இதில் இன்னொரு நற்குணம், சில இடங்களில் உயர வழியும் தாழ்ந்த வழியும் இணையாக இருப்பது. ஷாம்பே ஊரிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போக 2,665 மீ. உயரமுள்ள ஃபெனெத்ர் தார்பெத் கணவாய் ஒரு வழி. அதைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வாக, புல்மேடுகள் ஊடே போகும் போவின் வழி இன்னொன்று. எந்த வழியில் போவது என்பதை அன்று காலை வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம், இரவுத் தங்குமிடம் மாறாது. தனியாக நடப்பவருக்கு இப்படிப்பட்ட இரட்டை வழி பெரிய கொடை. பாதை தேடும்போது இதைக் குறிப்பாகத் தேடுங்கள்.

ஸ்வீடனின் குங்ஸ்லேடன் சுமார் 440 கி.மீ. நீளம். அதில் ஆபிஸ்கோவிலிருந்து நிக்காலுவோக்டா வரையிலான 105 கி.மீ. பகுதிதான் பலரும் நடப்பது. ரயிலில் போய் இறங்கலாம், முடிவில் பேருந்து உண்டு, நடுவில் சாலையே இல்லை. அலைபேசி பெரும்பகுதியும் எடுக்காது. கேட்கும்போது பயமாக இருக்கும். ஆனால் 10 முதல் 20 கி.மீ.க்கு ஒரு குடில் இருக்கிறது, பருவத்தில் பொறுப்பாளரும் இருப்பார், ஆறுகளுக்குப் பாலம் உண்டு, உச்சமான ஷெக்ட்யா கணவாயே சுமார் 1,150 மீ.தான். வெளியேறும் வழி குறைவு, ஒதுங்கும் இடம் நிறைய. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஐஸ்லாந்தின் லாய்காவேகுர் நேர்மாறான பாடம். வெறும் 55 கி.மீ., வழக்கமாக நான்கு நாள். நீளத்தைப் பார்த்து இது எளிது என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் நாளே சுமார் 1,000 மீ. உயரத்தில் மரமோ பாறை மறைவோ இல்லாத மேட்டுநிலத்துக்கு ஏற்றிவிடும். கோடையிலும் பனிமூட்டமும் பனிப்பொழிவும் வரும். 2004 ஜூன் இறுதியில் ஒரு இளைஞர் அங்கே பனிப்புயலில் இறந்தார். குடில் அவருக்குச் சுமார் 1 கி.மீ. தொலைவில்தான் இருந்தது. நினைவுக் கற்குவியல் இன்றும் அங்கே நிற்கிறது. பாலமில்லாத ஆறுகளையும் இந்தப் பாதையில் காலால் கடக்க வேண்டும். பாதை மிக அழகானது, போகவே கூடாது என்றும் இல்லை. முதல் தனிநடைக்கு வேண்டாம்.

அடுத்தது தூரக் கணக்கு. கிலோமீட்டரை மட்டும் வைத்து நாட்களைப் பிரிப்பதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. 154 கி.மீ. வெஸ்ட் ஹைலேண்ட் வேயை ஏழெட்டு நாளில் முடிக்கிறார்கள். கோர்சிகா தீவின் ஜி.ஆர். 20 பாதை சுமார் 180 கி.மீ.தான், அதற்கு 16 நாள் கட்டங்கள். ஏற்றமும் பாறையும்தான் வித்தியாசம். 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. 5 கி.மீ.க்கு 1 மணி நேரம், அத்தோடு ஏறும் ஒவ்வொரு 600 மீ.க்கும் 1 மணி நேரம். செங்குத்தான இறக்கம் இருந்தால் இறங்கும் ஒவ்வொரு 300 மீ.க்கும் 10 நிமிடம் சேர்க்க வேண்டும் என்பது பின்னால் வந்த திருத்தம்.

ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். 14 கி.மீ., 900 மீ. ஏற்றம், 600 மீ. செங்குத்து இறக்கம். தூரத்துக்கு 2 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 30 நிமிடம், இறக்கத்துக்கு 20 நிமிடம், மொத்தம் 4 மணி 38 நிமிடம். இது இலேசான பையோடு நிற்காமல் நடக்கும் ஆளின் கணக்கு. பல நாள் சுமைக்குக் கால்பங்கு கூட்டினால் ஏறக்குறைய 5 மணி 50 நிமிடம். தண்ணீர் பிடிக்க, சாப்பிட, காலைப் பார்த்துக்கொள்ள, நின்று ரசிக்க ஒன்றரை மணி நேரம். ஆக 7 மணி 20 நிமிடம். காலை 7 மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் 2.20. இருட்டுவதற்குள் நாலைந்து மணி நேரம் கையில் இருக்கிறது. வழி தவறித் திரும்ப, மழைக்கு ஒதுங்க, வீங்கிய முழங்காலோடு மெல்ல இறங்க அந்த நேரம்தான் உதவும். கணக்கு 9 மணியைத் தாண்டும் நாள் ஒன்று இருந்தாலும் அந்தப் பாதையை வேறு மாதிரி பிரிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேறு பாதை.

மொத்த ஏற்றம் எவ்வளவு என்பதை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தொடக்கம் 800 மீ., கணவாய் 1,700 மீ. என்றால் ஏற்றம் 900 மீ. என்று கழித்துப் போட்டுவிடுவார்கள். நடுவில் ஆறேழு ஓடைகளுக்கு இறங்கி ஏற வேண்டியிருந்தால் உண்மை ஏற்றம் 1,200 மீ. ஆகிவிடும். சம உயரக் கோடுகள் 20 மீ. இடைவெளியில் போடப்பட்ட வரைபடத்தில், அதற்குக் குறைவான ஏற்ற இறக்கம் கண்ணுக்கே படாமல் போகலாம். ஏரிக்கரைப் பாதைகள் இப்படித்தான் ஏமாற்றும். வரைபடத்தில் தட்டையாகத் தெரியும், காலில் வேர்களும் பாறைகளுமாக மணிக்கு 2.5 கி.மீ. கூட நகராது.

சரி, இனி அழகு. இதைப் பற்றி யோசிக்க வேண்டிய விதமே வேறு. ஒரு பாதை அழகாக இருக்கிறதா என்பதைவிட, அந்த அழகான இடத்தில் நீங்கள் எந்த மணிக்கு நிற்பீர்கள் என்று கேளுங்கள். மலைகளில் காலையில் தெளிவு, வெயில் ஏற ஏற ஈரக்காற்று மேலெழுந்து முகிலாகும், பிற்பகலில் சிகரம் மூடிக்கொள்ளும். கோடையில் இடி விழுவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே கணவாய்க்கு இரண்டு மூன்று மணி நேரம் கீழே இரவு தங்க இடமுள்ள பாதை நல்லது. 6 மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்கு மேலே, நீண்ட நிழல்களோடு முழுப் பள்ளத்தாக்கும் கிடைக்கும். நடுப்பகலுக்குள் மறுபுறம் பாதி இறங்கியிருப்பீர்கள். அதே கணவாயை மாலை 3 மணிக்குத் தொடும்படி நாள் பிரிக்கப்பட்டிருந்தால், சாம்பல் சுவர் ஒன்றைப் பார்த்துவிட்டு இடிக்குப் பயந்து ஓட வேண்டியிருக்கும். பாதுகாப்பும் அழகும் இங்கே ஒரே அட்டவணையைக் கேட்கின்றன. குட்டையான நாள் கட்டங்களை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இதுவே.

திசையும் காட்சியை மாற்றும். வட கோளத்தில் தெற்கிலிருந்து வடக்கே நடந்தால் நாளின் பெரும்பகுதி வெயில் முதுகில் விழும், முன்னால் உள்ள மலை ஒளியில் இருக்கும். வெஸ்ட் ஹைலேண்ட் வேயைப் பலரும் வடக்கு நோக்கி நடப்பதில் இந்த லாபம் உண்டு. அதோடு தாழ்நிலத்தில் தொடங்கி மலைகள் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வரும். கால் பழகியபின் கடினம் வருவது உடம்புக்கும் நல்லது. மோன் பிளாங்க் சுற்றைப் பெரும்பாலோர் வலமிருந்து இடமாக, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறார்கள். அதே திசையில் போனால் அதே முகங்களை மாலைதோறும் பார்ப்பீர்கள், எதிர்த்திசையில் போனால் தினமும் ஒரு மணி நேரம் கூட்டம் எதிரே வந்து கடந்துபோகும், மற்ற நேரம் அமைதி. தனியாகப் போகிறவர் இந்த இரண்டில் தமக்கு எது வேண்டும் என்று நேர்மையாக யோசித்துக்கொள்ள வேண்டும்.

படங்களைப் பார்த்து மயங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அந்தப் பாதையைப் பற்றிக் கிடைக்கும் படங்களை இடவாரியாகப் பிரித்தால் எத்தனை இடம் தேறுகிறது? எல்லாப் படமும் இரண்டு மூன்று இடத்திலிருந்தே எடுத்தவை என்றால் மீதி நாட்கள் காட்டுக்குள் போகின்றன என்று அர்த்தம். வரைபடத்தில் பச்சை நிறத்துக்கு மேலே, அதாவது மரங்கள் வளர்வது நின்றுபோகும் மரக்கோட்டுக்கு மேலே, எத்தனை கி.மீ. நடக்கிறீர்கள் என்று அளந்தாலும் இது தெரிந்துவிடும். காட்டுக்குள் நடப்பது குறையில்லை. ஜப்பானின் பழைய யாத்திரைப் பாதைகளான குமானோ கோடோவில் நாக்காஹேச்சி வழி, தக்கிஜிரியிலிருந்து ஹொங்கூ வரை சுமார் 38 கி.மீ., பெரும்பகுதி நெட்டை மரங்களுக்கு நடுவே கல்படியில்தான் போகும். சிறு கோயில்கள், பாசி, ஊர்கள் என்று அதன் அழகு அடங்கிய அழகு. விரிந்த மலைக்காட்சியை எதிர்பார்த்துப் போனால்தான் ஏமாற்றம். மரக்கோட்டுக்கு மேலே தொடர்ந்து ஐந்து நாள் போகும் பாதையும் வேண்டாம். வானம் கெட்டால் ஐந்து நாளும் ஒதுங்க மரமில்லை. இரண்டு உயர நாள், நடுவில் ஒரு பள்ளத்தாக்கு நாள், மறுபடி உயரம் என்று மாறிமாறி வரும் பாதையில் கண்ணும் சலிக்காது, உடம்பும் மீளும்.

பருவத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதில் பயனில்லை, குறிப்பிட்ட கணவாயைக் கேட்க வேண்டும். ஆல்ப்ஸில் 2,500 மீ. கணவாய்களின் வடசரிவில் கெட்டிப்பனி ஜூன் முடிந்தும் கிடக்கும். குடில் ஜூன் நடுவில் திறந்துவிட்டது என்பதற்காகப் பாதையும் திறந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. காலை நேரத்துப் பனிச்சரிவு கண்ணாடிபோல் இறுகியிருக்கும், வழுக்கினால் நிறுத்தப் பிடிமானம் இருக்காது. பருவத்தின் பின்பாதியில் போனால் பனி கரைந்திருக்கும், ஆறுகள் வடிந்திருக்கும், கூட்டமும் குறையும். வடக்கு ஸ்வீடனில் ஆகஸ்ட் இறுதியிலிருந்து கொசு அடங்கும், புதர்கள் செம்மஞ்சளாகும். ஸ்காட்லாந்தில் மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை மிட்ஜ் என்ற சின்னக் கடிபூச்சி காற்றில்லாத மாலையில் கூடாரத்தை மொய்க்கும், ஆகவே அங்கே ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் நல்லது. தென் அமெரிக்காவின் தென்கோடியான பதகோனியாவில் கோடைதான் பருவம், கோடையில்தான் காற்றும் பலம். மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும் வீச்சு அங்கே புதிதல்ல. பின்பருவத்தில் பகல் சுருங்கும் என்பதையும், 100 மீ. ஏறினால் ஏறக்குறைய 0.65 பாகை குளிரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஊரில் 12 பாகை என்றால் 2,000 மீ. மேலே உறைநிலைக்குப் பக்கம்.

சில தடைகள் தனியாளுக்கு வேறு பொருள் கொள்கின்றன. பனியாறு என்றால் தனியாகக் கூடவே கூடாது. வெடிப்பில் விழுந்தால் கயிறு பிடிக்க ஆளில்லை. பாலமில்லாத ஆறு ஒன்று இருந்தால் அதன் ஆழத்தை, அகலத்தை, ஊற்றை விசாரியுங்கள். பனி உருகி வரும் ஆறு விடியற்காலையில் குறைவாகவும் பிற்பகலில் நிறைந்தும் ஓடும். மழையில் நிறையும் ஆறு மழை நின்ற சில மணி நேரத்தில் வடியத் தொடங்கும். கடக்கும்போது பையின் இடுப்புக் கொக்கியையும் மார்புக் கொக்கியையும் கழற்றிவிட வேண்டும், விழுந்தால் பை உங்களை அமுக்காமல் இருக்க. வெறுங்காலோடு இறங்க வேண்டாம். நீரோட்டத்தை எதிர்நோக்கி, இரண்டு ஊன்றுகோலையும் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். முழங்காலைத் தாண்டி வேகமாக ஓடினால் கடக்காதீர்கள், காத்திருங்கள் அல்லது திரும்புங்கள். காத்திருக்க ஒரு உபரி நாள் திட்டத்தில் இருந்தால்தான் இந்த முடிவை எடுக்க மனம் வரும். உபரி நாள் இல்லாதவர்கள்தான் ஆற்றில் இறங்குகிறார்கள்.

உயரமும் அப்படித்தான். 3,000 மீ.க்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீ.க்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது பொது விதி. தனியாக இருப்பவருக்குக் கூடுதல் ஆபத்து, உயரத்தால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கினால் முதலில் கெடுவது தீர்மானிக்கும் திறன். தடுமாறி நடப்பதையும் பேச்சு குழறுவதையும் மற்றவர்தான் கவனிப்பார்கள், நமக்குத் தெரியாது. முதல் தனிநடையில் இரவுத் தங்கல்கள் 2,500 மீ.க்குக் கீழே இருக்கும் பாதையாகப் பாருங்கள்.

சுமையும் பாதைத் தேர்வில் சேர்ந்ததுதான். இருவர் போனால் கூடாரம், ஸ்டவ், வாட்டர் ஃபில்டர், மருந்துப்பெட்டி எல்லாம் பாதியாகும், தனியாளுக்கு எல்லாம் முழுசாக முதுகில். கூடாரம் 1.5 கிலோ, ஸ்லீப்பிங் பேக் 1, பாய் 0.5, முதுகுப்பை 1.5, ஸ்டவ்வும் பாத்திரமும் எரிவாயுவும் 0.8, மழையுடை உட்பட உடைகள் 2.2, விளக்கு, பவர் பேங்க், மருந்து, ஃபில்டர், கழிவறைச் சாமான் 1.5. மொத்தம் 9 கிலோ. உலர் உணவு நாளைக்கு 650 கிராம் வீதம் ஐந்து நாளுக்கு 3.25 கிலோ, தண்ணீர் 2 லிட்டர். 14 கிலோவைத் தாண்டிவிட்டது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் பை இருந்தால் முழங்கால் தாங்கும், 60 கிலோ ஆளுக்கு அது 12 கிலோ. மோன் பிளாங்க் குடில்களைப்போல் இரவுணவும் படுக்கையும் தரும் இடங்களில் தங்கினால் அதே பை 8, 9 கிலோவில் நிற்கும். மில்ஃபோர்டு, லாய்காவேகுர் குடில்களில் அடுப்பும் மெத்தையும் உண்டு, உணவும் ஸ்லீப்பிங் பேக்கும் நீங்கள் சுமக்க வேண்டும். குடில் என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், முன்பதிவுக்கு முன் என்ன கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று இருந்து அது கெட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியைத் தனியாள் ஒவ்வொரு பொருளுக்கும் கேட்க வேண்டும். நுண்குழல் வாட்டர் ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளே வெடித்துவிடும், வெளியே பார்க்க நன்றாக இருக்கும், கிருமியை வடிக்காது. குளிரான இரவில் அதை உறைக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அதோடு சுத்திகரிப்பு மாத்திரை பத்து இருபது கூடவே இருக்கட்டும். அலைபேசியில் வரைபடத்தை இறக்கி வைத்திருந்தாலும் குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கும், காகித வரைபடமும் திசைகாட்டியும் எடை அதிகமில்லை. தலைவிளக்குக்கு மாற்று மின்கலம், அல்லது இரண்டாவது சின்ன விளக்கு.

தொடர்புக்கு அலைபேசிக் கோபுரம் இல்லாத பாதை என்றால் செயற்கைக்கோள் கருவி இல்லாமல் தனியாகப் போக வேண்டாம். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைபரப்பி சந்தா இல்லாதது, மின்கலம் ஆண்டுக்கணக்கில் நிற்கும், ஆனால் காப்பாற்றுங்கள் என்ற ஒரே செய்தியைத்தான் அனுப்பும். இருவழிச் செய்திக்கருவிக்குச் சந்தா உண்டு, கால் பிசகிவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை, நாளை இறங்குகிறேன் என்று சொல்ல முடியும். தனியாளுக்கு இரண்டாவது கூடுதல் பயன், ஏனெனில் தாமதங்களில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. வீட்டில் ஒருவரிடம் நாள்வாரியாகத் தங்குமிடம், மாற்று வழிகள், கூடாரத்தின் நிறம், மீட்புத்துறை எண் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையும் மணியோடு எழுதுங்கள். மாலை 6 மணிக்குச் செய்தி வரவில்லை என்றால் காத்திருக்கவும், மறுநாள் காலை 9 மணிக்கும் வரவில்லை என்றால் மீட்புத்துறையை அழைக்கவும் என்பதுபோல. விசிலோ விளக்கோ கையில் இருந்தால் மலைகளில் உதவி கேட்கும் குறி நிமிடத்துக்கு 6 முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி 6. பதில் நிமிடத்துக்கு 3.

தனிமையையும் ஒரு அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் தனியாக நடப்பது பலருக்கும் எளிது, மாலை 5 மணிக்கு மேல்தான் கடினம். வேலை முடிந்துவிடும், வெளிச்சம் போகும், பேச ஆளிருக்காது, சின்னச் சத்தமெல்லாம் பெரிதாகும். பகலில் தனியாகவும் மாலையில் குடிலின் பொது மேசையிலும் இருக்கும்படி அமையும் பாதைகள் முதல்முறைக்கு மிகப் பொருத்தம். எதிரே வருகிறவர்களிடமிருந்து அன்றைய பாலம், பனி, தண்ணீர் நிலவரமும் கிடைக்கும். ஆளே இல்லாத பாதைதான் உண்மையான தனிநடை என்ற எண்ணத்தை முதல் தடவை ஒதுக்கி வைக்கலாம்.

பதிவு செய்யும் முன் முழுப் பையோடு இரண்டு நாள், நடுவில் ஒரு இரவு, முடிந்தால் மழையில், எங்காவது அருகில் நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் என்ன வலிக்கிறதோ அதுவே பெரிய நடையின் மூன்றாம் நாள் பிரச்சினை. கால் வீங்குவதால் ஷூ அரை அளவு பெரிதாக வேண்டுமா, தோள்பட்டை வார் எங்கே உரசுகிறது, இருட்டில் கூடாரம் எத்தனை நிமிடத்தில் எழும்புகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தோல் சூடாக உறுத்தும் அந்த நிமிடத்திலேயே நின்று டேப் ஒட்டினால் கொப்புளம் வராது. அடுத்த ஓய்வில் பார்க்கலாம் என்று விட்டால் ஐந்து நாள் நடை மூன்று நாளில் முடியும்.

இவ்வளவும் பார்த்தபின் பெயராகவே கேட்டால்: கூடாரம் பழக்கமில்லை, ஆளரவம் வேண்டும் என்பவருக்கு வெஸ்ட் ஹைலேண்ட் வேயின் வடபாதி, டின்ட்ரமிலிருந்து நாலு நாள். பெரிய மலைகளும் நல்ல குடில்களும் வேண்டும், தினம் 900 மீ. ஏறக் கால் தாங்கும் என்பவருக்கு மோன் பிளாங்க் சுற்றின் பாதி, ஜூலை பிற்பாதிக்குப் பின். சுமை தூக்கத் தெரியும், விரிந்த வெளியும் அமைதியும் வேண்டும் என்பவருக்கு ஆகஸ்ட் இறுதியில் குங்ஸ்லேடனின் ஆபிஸ்கோ பகுதி. காட்சியைவிடப் பாதையின் பழமையில் மனம் போகிறவருக்கு நாக்காஹேச்சி, வசந்தத்திலோ இலையுதிர்காலத்திலோ.

எதை எடுத்தாலும் கடைசியாகப் போக்குவரத்தைப் பாருங்கள். பாதையின் இரு முனையில் ஒன்றுக்கு வண்டி அடிக்கடி வரும், இன்னொன்றுக்கு நாளைக்கு ஓரிரு முறைதான். அரிதான வண்டி உள்ள முனையில் தொடங்கி, அடிக்கடி வரும் முனையில் முடியும்படி திசையை வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் 2 மணிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், களைத்த காலோடு ஓடும் கடைசி இறக்கத்தில்தான் கணுக்கால் மடங்குகிறது. அந்தப் பேருந்து போனால் அடுத்தது ஒரு மணி நேரத்தில் வரும் என்று தெரிந்தால், இறங்கும் வழியில் இன்னொருமுறை உட்கார்ந்து திரும்பிப் பார்த்துவிட்டு வரலாம்.